மெடிக்கல் போர்டில் நான் எழுதிய மூன்று வரி

மண்ணெண்ணெய் ஸ்டவ் வாடை... அது எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியின் மெடிக்கல் போர்டு அறைதான் ஞாபகம் வரும்.

டிசம்பர் குளிர். அறைக்குள் அந்த ஸ்டவ்தான் கணப்பு. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப் போகும். நான் அப்போது புது கேப்டன், கோவில்பட்டியிலிருந்து போன இருபத்தேழு வயது டாக்டர். மிடுக்குக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

உடம்பு முடியாமல் வீட்டுக்கு அனுப்பப்படும் சிப்பாய்களைப் பரிசோதிப்பது எங்கள் வேலை. நோய் ராணுவ வேலையால் வந்ததா, வேலையால் முற்றியதா, முன்பே இருந்ததா... மூன்று டாக்டர்கள் சேர்ந்து ஃபாரத்தில் எழுதுவோம். வேலையால் வந்தது, அல்லது முற்றியது என்று எழுதினால்தான் ஊனப் பென்ஷன். மூவரில் இளையவன் நான். ஆளிடம் விவரம் கேட்டு எழுதுவது என் பொறுப்பு.

அன்றைக்கு வந்த சிப்பாய் பெயர் மாடசாமி. பனிமலை டியூட்டிக்கு இரண்டு முறை போனவர். இரண்டாம் தடவை இறங்கி வந்ததிலிருந்து மூச்சு இழுப்பு. ஒன்பது வருஷ சர்வீஸ்தான், அதனால் சாதாரண பென்ஷன் கிடையாது. ஊனப் பென்ஷன் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கைதான்.

இந்தியில் கேட்டேன். ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னார். அந்த இந்தியிலும் நம்ம ஊர் இழுவை!

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

மனுஷன் முகம் மலர்ந்ததே... “கோவில்பட்டி பக்கந்தான் சார். சாரும் நம்மூரா?”

அப்புறம் மழை, உளுந்து விதைப்பு, ஊர்க் கோயில் கொடை என்று பேச்சு எங்கெங்கோ போனது. போகிற போக்கில் கேட்டேன்.

“சின்னப் பிள்ளையில இருமல் ஏதும் உண்டுமா அண்ணாச்சி?”

“லீவுல தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போவோம்லா... அந்த மருந்து நெடிக்கு ரெண்டு நாள் இருமும் சார். எங்க தெருவுல இருமாத பிள்ளை யாரு?”

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன்.

‘சிறுவயது முதலே இருமல் இருந்ததாக இவரே கூறுகிறார். ராணுவப் பணியால் வந்ததல்ல. பணியால் முற்றியதும் அல்ல.’

இரண்டு நாள் இருமலை நான்தான் ‘சிறுவயது முதலே’ ஆக்கினேன். ஆளெடுப்பில் ஒரு மைல் ஓடி, நெஞ்சை விரித்துக் காட்டி, ‘நோய் ஏதுமில்லை’ என்று ராணுவ டாக்டரே எழுதிச் சேர்த்துக்கொண்ட ஆள் அவர். அந்தத் தாளும் அதே ஃபைலில்தான் இருந்தது. நான் புரட்டவே இல்லை.

போர்டு தலைவர் படித்துவிட்டு “வெரி கிளியர் ஹிஸ்டரி” என்று பாராட்டினார். கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை... த்தூ.

இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நானும் ராணுவத்தை விட்டு வந்து ஊரில் கிளினிக் வைத்துவிட்டேன்.

போன வருஷம் ஒருநாள் மாடசாமி தன் மனைவியோடு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மூச்சு வாங்கும் உடம்போடு செக்யூரிட்டி வேலைகூட நிலைக்கவில்லையாம். கையில் ஒரு கட்டுத் தாள்.

“மேல்முறையீடும் தள்ளிட்டாவ சார். இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்காவ. என்னன்னு பாத்துச் சொல்லுதீங்களா?”

என் மூன்று வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பின்னால் இணைத்திருந்த போர்டு ஃபாரத்தின் நகலில் என் கையெழுத்து.

மறைத்திருக்கலாம். முடியவில்லை. “எழுதுனது நாந்தான் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

தாள்களை வாங்கி மடித்துக் கட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான் சொன்னதத்தான எழுதியிருக்கீங்க... நம்ம பேச்சக் கேட்டதும் வாய் நிக்கல. அன்னைக்கு நான் சும்மா இருந்திருக்கணும்.”

நான் எழுதியது தவறு என்று ராணுவத்துக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய வக்கீல் வெளிப்படையாகவே சொன்னார். அன்று போர்டு எழுதியதுதான் செல்லும், இன்று ஒரு தனியார் டாக்டர் வருத்தப்பட்டு எழுதுவது செல்லாது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான்... என்ன செய்ய?

இப்போதும் என்னிடம்தான் வருகிறார். மருந்துக்கு நான் எதுவும் வாங்குவதில்லை. அதனால் என்ன ஆகிவிடப் போகிறது...

அன்று அந்தக் குளிரில், கேட்டது கேட்காதது எல்லாம் கொட்டிய மனுஷன். இன்று நான் எதைக் கேட்டாலும் முதலில் பேனா பிடித்த என் கையைப் பார்க்கிறார்.

போன வாரமும் கேட்டேன். “மூச்சு ரொம்பத் திணறுதா அண்ணாச்சி? எத்தன நாளா?”

மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கே அவர் நெஞ்சு விசில் அடிப்பது கேட்கிறது.

“ஒண்ணும் இல்ல சார்” என்றார். “நல்லாத்தான் இருக்கேன்.”