படிப்புச் செலவு கம்பனிக்கு, வரி எனக்கா?

காலையில நோர்வூட்ல ஹட்டன் பஸ் ஏறினதுமே பக்கத்துல இருந்த விமலா அக்காகிட்ட விசயத்தைச் சொல்லிட்டேன். நான் வேலை செய்ற தேயிலைக் கம்பனி என் டிகிரிப் படிப்புக்கு முழுக் காசையும் கட்டப் போகுது.

அக்காவும் எங்க ஆபிஸ்தான். "பார்த்துக்க புள்ள, அந்தக் காசையும் ஒன் சம்பளத்துல சேர்த்து வரி வெட்டுவாங்க"ன்னாங்க.

வீட்டுல எல்லாமே என் சம்பளத்தை நம்பித்தான் ஓடுது. டிக்கோயா வர்றதுக்குள்ள, "படிப்பு வேணாம் சார்"னு மெனேஜருக்கு மெசேஜ் டைப் பண்ணிட்டேன். அனுப்புறதுதான் பாக்கி.

முன் சீட்ல இருந்த ஒரு டீச்சர் திரும்பினாங்க. ஹட்டன்ல கணக்கியல் படிப்பிக்கிறாங்களாம், ஊரு யாழ்ப்பாணம்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி, காதில விழுந்திட்டுது. கம்பனி கட்டுற படிப்புக் காசையும் உங்கட வருமானம் எண்டுதான் பொதுவாப் பார்ப்பினம். ஆனா வருச வருமானம் ஒரு அளவைத் தாண்டினாத்தான் வரி. சம்பளம் எவ்வளவு?"

பஸ் நிறைய ஆளுங்க. எட்டி அவங்க காதுல சொன்னேன். படிப்புக் காசையும் சொன்னேன்.

மனசுக்குள்ளயே கூட்டிப் பார்த்தாங்க. "ரெண்டையும் சேர்த்தாலும் அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. போய்ப் படியுங்கோ."

டைப் பண்ணினதை அழிச்சிட்டு, "எப்ப சார் பதியணும்?"னு அனுப்பினேன். நான் படிக்கப் போறதை விமலா அக்கா ஆபிஸ் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டாங்க.

சம்பளம் குறைவா இருக்கேன்னு நான் சந்தோசப்பட்டது இன்னைக்குத்தான். வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் வாங்குறவங்க யாராவது இங்க இருந்தா கையைத் தூக்குங்க, அது எப்படி இருக்கும்னு கேட்டுக்கிறேன்.