கழிப்பறைக்குப் பக்கத்து வகுப்பறை

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுக்குக் கணக்கு டீச்சராகப் போன இரண்டாம் வருடம், லூர்துராணிக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்தார். காரத்தை விட்டார், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். எதற்கும் கேட்கவில்லை. விடுமுறைக்குத் திருச்சி வந்தபோது விமான நிலையத்தில் கணவர் பெஞ்சமினுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார்.

தில்லைநகர் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "பெருங்குடல்ல புண்ணும்மா. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு பேரு. முழுசா போகாது. மாத்திரையை விடாம எடுத்தீங்கன்னா அடக்கி வைக்கலாம்."

பாலக்கரை வீட்டுக்கு வந்ததும் பெஞ்சமின், "வேலையை விட்டுடு ராணி. உடம்பைவிட அது பெருசா?" என்றார்.

"வீட்ல உக்காந்தா மட்டும் புண்ணு ஆறிடுமாங்க? எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. போயிட்டு வரேன்."

ஒரு பை நிறைய மாத்திரையோடு திரும்பிப் போனார். ஆனால் நோயைப் பற்றி அங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை. வகுப்பு மாடியில், கழிப்பறை கீழே. காலையில் சாப்பிடாமலே பள்ளிக்குப் போவார். அப்படியும் ஒருநாள் பாடத்தின் நடுவே வயிறு முறுக்கியது. ஓடினார். படியிலேயே உடை நனைந்துவிட்டது.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பக்கத்து வகுப்பில் அறிவியல் எடுக்கும் ஷரபுன்னிசா தேடி வந்து தட்டினார். அவரும் திருச்சிதான், உறையூர்.

"ராணி, என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி அழுவுறே? சொல்லு."

கதவைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். செருப்புச் சத்தம் விலகிப் போனது. போய்விட்டார் என்றுதான் லூர்துராணி நினைத்தார். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு மேலாக ஒரு சுடிதாரும் துண்டும் உள்ளே வந்தன.

"ரெண்டு கிளாஸையும் நான் பாத்துக்கறேன். நீ மெதுவா வா."

மறுநாள் ஷரபுன்னிசாவே அவரைத் தலைமையாசிரியை அமினத்திடம் அழைத்துப் போனார். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று லூர்துராணி பயந்தார். அமினத் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எந்த அறை வசதி?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே கீழே கழிப்பறையை ஒட்டியிருந்த ஓவிய அறை கணக்கு வகுப்பானது.

அடுத்த மழைக்காலத்தில் நோய் மறுபடி கிளம்பியது. டாக்டரைப் பார்க்கத் தலைநகர் மாலேவுக்குப் போக வேண்டும். விரைவுப் படகில் கழிப்பறை கிடையாது. படகோட்டி ஹசனிடம் அமினத் முன்கூட்டியே பேசியிருந்தார். வழியில் லூர்துராணி கையைத் தூக்கியதும் ஹசன் அருகிலிருந்த தீவில் படகை ஒதுக்கி, தெரிந்த வீடொன்றுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டம்மா குளியலறையைத் திறந்துவிட்டு, அவர் வெளியே வருவதற்குள் தேநீரும் போட்டு வைத்திருந்தார். படகில் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

மாலேயில் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. அடுத்த விடுமுறையில் தில்லைநகர் டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. மாத்திரை மட்டும் தொடர வேண்டும்.

அன்றே லூர்துராணி நன்றித் திருப்பலிக்குச் சொல்ல மாதா கோயில் அலுவலகத்துக்குப் போனார்.

"யாருக்காகம்மா?"

"ஷரபுன்னிசா, அமினத், ஹசன். இன்னொரு அம்மா பேரு தெரியலைங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இவங்கல்லாம் யாரும்மா?"

"என்னைப் பாத்துக்கிட்டவங்க. எழுதிக்குங்க."

ஞாயிறு பூசைக்கு, விடுமுறையில் வந்திருந்த ஷரபுன்னிசாவும் வந்தார். தலையில் முக்காட்டோடு கடைசி பெஞ்சில் லூர்துராணி, பெஞ்சமினோடு உட்கார்ந்திருந்தார். சாமியார் பெயர்களை வாசித்தபோது லூர்துராணிக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் ஷரபுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

வெளியே வந்ததும், "என் பேரை நல்லாத்தான் சொன்னாரு. பாவம் அமினத் மேடம், அமிர்தம் ஆயிட்டாங்க" என்றார்.