இஞ்சினுக்குள் ஒரு துண்டுத் துணி

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கையில் கத்தரிக்கோல் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. முனை மழுங்கியதாக ஒன்றை ரேணிகுண்டாவில் தேடி வாங்கினேன். அதையும் அலமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருக்கிறேன். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது என் நைனா என்னிடம் ஒரு படகு இஞ்சினையே கொடுத்தார்.

நைனாவுக்குத் தடாவில், ஏரிக்குப் போகும் சாலையில், மெக்கானிக் கடை இருந்தது. தண்ணீர் மோட்டார், ஸ்கூட்டர் என்று எது வந்தாலும் பார்ப்பார். ஆனாலும் பழவேற்காடு ஏரிப் படகுகளின் பின்பக்கம் மாட்டுகிற அவுட்போர்டு இஞ்சின் வந்தால்தான் அவர் முகம் மலரும். அத்தை, அதாவது நைனாவின் தங்கை, ஏரி நடுவிலிருக்கும் தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நிறைமாதம். ஒரு சனிக்கிழமை மாலை மாமா, ஓடாத இஞ்சினோடு படகைத் தடியூன்றித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். இஞ்சினைச் சரிசெய்து, அதே படகில் அத்தையைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. நாள் இருக்கிறது என்று எல்லோரும் நிதானமாக இருந்தார்கள். அத்தையின் வயிற்றிலிருந்த பிள்ளையிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது. வலி கண்டுவிட்டது.

தீவில் அன்று கரையில் இருந்தவை தடியூன்றிப் போகும் படகுகள் மட்டும்தான். எதிர்க்காற்று வேறு. அவற்றில் ஏற்றிக்கொண்டு வந்தால் பொழுது சாய்ந்துவிடும். எங்கள் இஞ்சினோ தலை தனியாக, உடம்பு தனியாகக் கடையில் கிடந்தது.

இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று மெல்லிய அட்டை ஒன்று இருக்கும். அது எரிந்துபோனதால்தான் இஞ்சின் நின்றிருந்தது. புதியது தயாராக இருந்தது. பழையதுதான் போக மறுத்தது. அடிப்பிடித்த பால் பாத்திரம்போல இரண்டு பக்கமும் கருகி ஒட்டிக்கிடந்தது. நைனா அதன்மேல் தின்னரைப் பூசினார். காயாமலிருக்க ஈரத்துணியைப் போட்டு மூடினார். பிறகு சும்மா உட்கார்ந்தார். மாமாவால் அந்தச் சும்மாவைத்தான் தாங்க முடியவில்லை.

"ஸ்க்ரூடிரைவரப் போட்டு ஒரு நெம்பு நெம்பேன் மச்சான். அவ அங்க துடிச்சிக்கினு கீறா."

"அலுமினியம் மாப்ள. ஒரு கீறல் வுழுந்தா அது வழியா கசிஞ்சி நடு ஏரில நின்னுடும். அப்புறம் நீ எறங்கித் தள்ளிக்கினு வா."

மாமா கடைக்கும் சாலைக்குமாக நடந்தார். என் வாயை அடைக்கவோ என்னவோ, நைனா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இஞ்சின் உடம்பில், சிலிண்டரைச் சுற்றிச் சின்னச் சின்னத் தண்ணீர் வழிகள் உண்டு. சுரண்டும்போது கேஸ்கெட் துணுக்கு அதற்குள் விழுந்தால் வழி அடைத்துக்கொள்ளும். பழைய கைலி ஒன்றைக் கிழித்து, ஒவ்வொரு ஓட்டையிலும் துண்டு துண்டாக அடைத்து வைக்க வேண்டும். என் விரல்கள் அதற்கு அளவெடுத்ததுபோல இருந்தன.

"ஒரு துணுக்கு உள்ள போவக் கூடாது. இன்னா, புரிதா?"

புரிந்தது. அளவுக்கு மீறியே புரிந்தது. அடைத்ததையே எடுத்து மறுபடி அடைத்தேன்.

பிறகு நைனா ஒரு பித்தளைத் தகட்டைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டினார். கருப்புச் சுருளாக அது எழும்பி வந்தது. வராத இடத்தில் அழுத்தாமல் மறுபடி தின்னர் பூசினார். எல்லாம் போனபின் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் அந்தப் பரப்பு முழுவதும் தடவிப் பார்த்தார். மாமா மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

"துணியெல்லாம் எடு கண்ணு."

எடுத்தேன். எடுத்து மூலையிலிருந்த டப்பாவில் போட்டேன். புதிய கேஸ்கெட்டை வைத்து, தலையை மூடி, போல்ட்டுகளை நைனா எதிரெதிராக முடுக்கினார். நேரே கரைக்குத் தூக்கிப்போய்ப் படகில் மாட்டினார்கள்.

இஞ்சின் ஓடும்போது அதன் பக்கத்திலிருக்கும் ஒரு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் சுற்றிச் சூட்டைத் தணிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இஞ்சின் ஒண்ணுக்குப் போகிறது என்று கரைப் பிள்ளைகள் நாங்கள் சொல்வோம். அன்றும் போனது. மாமா கையை ஆட்டினார். படகு சின்னதாகி மறைந்தது. சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போக ஓர் ஆட்டோவைப் பிடித்துக் கரையிலேயே நிறுத்திவைத்தாள்.

அதன்பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மூலையில் இருந்த சின்ன ஓட்டை. அதில் துணி அடைத்தது நன்றாக நினைவிருந்தது. எடுத்தது நினைவில்லை.

கடைக்கு ஓடினேன். டப்பாவிலிருந்த துணிகளையெல்லாம் தரையில் பரப்பினேன். எண்ணெயில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது எந்த ஓட்டைக்கானது என்று எதுவும் சொல்லவில்லை. சரிபார்க்க இஞ்சினும் இல்லை. தண்ணீர்தான் வந்ததே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வந்தது, நடு ஏரியில் துணி நகர்ந்து வழியை அடைத்தால் என்று நானே கேட்டுக்கொண்டேன். இஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடும். காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும். அத்தை உள்ளே கிடப்பாள்.

திரும்பிப் போனபோது நைனா, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் சாய்ந்து, ஆட்டோக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எந்தக் கவலையும் இல்லாத முகம். அருகில் போய் உட்கார்ந்து, அவர் காதில் சொன்னேன்.

"நைனா, ஒரு துணிய எடுத்தனா இல்லையான்னு தெரில."

அவர் சிரிப்பு நின்றது.

"எந்த ஓட்ட?"

"மூலையில சின்னதா கீதே, அது."

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

"அத நானே எடுத்துட்டேன். நீ தூங்கு."

அவ்வளவுதான். என் நெஞ்சிலிருந்து யாரோ கல்லை இறக்கியதுபோல இருந்தது. விடியற்காலையில் எழுந்த அசதி வேறு. காற்று வீசிக்கொண்டிருந்தது. அப்படியொரு தூக்கத்தை அதற்குப் பிறகு நான் தூங்கியதில்லை.

நான் தூங்கியபோது நடந்ததை, என் பிரசவத்துக்கு நான் தாய்வீடு போயிருந்தபோதுதான் அம்மா சொன்னாள். படகு வந்தது. ஆனால் சத்தமில்லாமல் வந்தது. வழக்கமாகக் கரையோரம் ஆழமில்லாத இடத்துக்கு வந்தபிறகுதான் இஞ்சினைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தடியூன்றுவார்கள். படகு அந்த இடத்துக்கு வர இன்னும் வெகு தூரம் இருந்தது. அங்கிருந்தே மாமா எழுந்து நின்று தடியைப் போட்டுக்கொண்டிருந்தார். நைனா என் தலையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நடந்துகொண்டே போனார். அம்மா கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

படகு கிட்ட வந்ததும் மாமாதான் முதலில் குரல் கொடுத்தாராம்.

"இன்னா மச்சான், சட்டயோட மீன் புடிக்க வந்துட்டியா?"

"இஞ்சின் இன்னாச்சி?"

"அத ஏன் கேக்குற. உன் தங்கச்சிதான் நிறுத்தச் சொல்லிட்டா. அந்த ஆட்டத்துல வலி தாங்கலியாம். நிறுத்தலன்னா ஏரில குதிச்சிடுவேன்றா."

உள்ளே படுத்திருந்த அத்தை, வலியோடு வலியாக இரண்டு பேரையும் திட்டினாளாம். அந்தத் திட்டைக் கேட்டபிறகுதான் நைனா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்றாள் அம்மா. அன்று மாலை ஆஸ்பத்திரியில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த இஞ்சினும் பிறகு பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. அதற்குள் எந்தத் துணியும் இருக்கவில்லை.

அம்மா சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தானே எடுத்தவர் எந்த ஓட்டை என்று கேட்டிருக்க மாட்டார்.

அன்று என்னை எழுப்பியபோது அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நைனாவின் சட்டைப் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டேன்.

"குளிச்சேன்" என்றார்.

போட்ட துணியோடு ஏரியில் இறங்கியதற்காக முந்தின வாரம்தான் நான் அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன். அவரை மட்டும் அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.