பன்றி ஊர்க்காரி

கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"பிள்ளை எந்த ஊர்?"

"அயோவா."

"அது யாழ்ப்பாணத்திலை எங்கை, வடமராட்சிப் பக்கமோ?"

"அமெரிக்கா, அங்கிள்."

"அது சரி. சொந்த ஊர்?"

என் சொந்த ஊரே அயோவாவில்தான் இருக்கிறது. நாலு பக்கமும் சோளக்காடு, நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி, மனிதர்களைவிட அதிகமாகப் பன்றிகள். அப்பா அங்கே மிருக வைத்தியர். வெள்ளிக்கிழமை விரதம் தவறாத சைவர். பிழைப்பு முழுக்கப் பன்றிகளோடு. பேஸ்மென்டில் குளித்துவிட்டுத்தான் மேலே வந்து சாமிப்படத்தைப் பார்ப்பார். காற்றடித்தால் ஊரே நாறும். வழிப்போக்கர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் சோறு சாப்பிடுவோம்.

ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வீடு வாங்கியபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு துண்டு வயல் மிச்சமிருந்தது. ஒரு காலை அதில் யாரோ எரு போட்டார்கள். அயலில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. நான் மட்டும் டெக்கில் நின்று மூச்சை ஆழமாக இழுத்தேன். கண் கலங்கிவிட்டது.

இதைப் பார்த்த மாமி தன் மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவள் முழுகாமல் இருக்கிறாளோ? பிள்ளைத்தாச்சியளுக்குத்தான் உப்பிடி மணம் பிடிக்கும்."

"இல்லையம்மா. அவ ஊரை நினைக்கிறா."

"உந்த நாத்தத்திலையோ?"

அந்தக் கோடையில்தான் என் கணவரின் ஊர்ச்சங்க ஒன்றுகூடல் வந்தது. யாழ்ப்பாணத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு சங்கம் உண்டு. சண்டை பிடித்த ஊர்களுக்கு இரண்டு. பூங்காவில் கயிறிழுப்பு, வாயில் கரண்டியோடு தேசிக்காய் ஓட்டம், ஒலிபெருக்கியில் குளத்தையும் கோயிலையும் பற்றிக் கண்ணீர்ப் பேச்சு. நான் சாப்பாட்டுப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே ஒஷாவாவிலிருந்து வந்த ஒரு அண்ணை சோளம்பொத்தி சுட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். தலையில் வெளிறிப்போன பச்சைத் தொப்பி. அதில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என் கையிலிருந்த தட்டு சரிந்தது. அயோவாவில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்! எங்கள் பள்ளிக்கூடம் ஆயுளுக்கும் வெறுத்த ஊர்!

"அண்ணை, உந்தத் தொப்பி உங்களுக்கு எப்பிடி?"

"நான் படிச்ச ஊர், பிள்ளை. ஒரு சேர்ச் எங்களை அகதியளாய் எடுப்பிச்சது. ஏன், தெரியுமோ?"

வருசங்களைக் கணக்குப் பார்த்தால், அவர் அங்கிருந்து கனடாவுக்கு வந்த பிறகுதான் எங்கள் குடும்பம் அயோவாவுக்குப் போயிருக்கிறது. என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஓ. அந்தப் பண்டி ஊரே?"

"பண்டியாவது இருந்தது. உங்கட ஊரிலை என்ன இருந்தது? ஒரு பெற்றோல் அடிக்கிற செட்!"

"ஃபுட்போலிலை உங்களை ஒவ்வொரு வருசமும் அடிச்சனாங்கள்."

"நாங்கள் படிக்கேக்கை உங்களுக்குத்தான் அடி. களவாய்த்தான் முந்தி வெண்டிருப்பியள்!"

என் குரல் ஒலிபெருக்கிக்கு மேலே போய்விட்டது. குளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தலைவர் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். என் கணவர் ஓடிவந்தார். ஏற்கெனவே இரண்டான சங்கம் மூன்றாக உடைகிறதென்று நினைத்தாராம். கலியாணமான நாள்முதல் நான் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. மாமியோ நல்ல சண்டையைத் தவறவிடாத ஆள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணை இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பிள்ளைக்கு விசயம் தெரியாதே? என்னோடை படிச்சவன் ஒருத்தன் சொன்னவன். ரெண்டு பள்ளிக்கூடத்தையும் ஒண்டாக்கிப் போட்டாங்கள். படிக்கப் பிள்ளையள் இல்லை."

எனக்குத் தெரியாது. அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஊர்ச் சேதி சொல்ல எனக்கு ஆளில்லை. நாங்கள் தொண்டை கிழியக் கத்திய அந்த மைதானத்தில் இப்போது யார் யாரை வெறுப்பார்கள்?

"புதுப் பள்ளிக்கூடத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"உங்கட பேர். நிறம் எங்கட பச்சை."

"பச்சையா? சீ!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, கூடவே அழுகையும். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் ஒரு பொத்தியை எடுத்து, அயோவா வழக்கப்படி மிளகாய்த்தூள் போடாமல், வெண்ணெய் மட்டும் பூசி நீட்டினார். கடித்தேன். சப்பென்று இருந்தது.

"என்ன சோளம் அண்ணை இது?"

"ஒன்ராறியோச் சோளம். இதை எங்கட பக்கம் பண்டியும் தின்னாது."

"எங்கட பண்டி மணந்தும் பாக்காது."

இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒத்துப்போயின. ஆளுக்கு மூன்று பொத்தி தின்றோம்.