கூட்டினால் எட்டு

என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பதிவெண் 346346. பரீட்சை முடிந்த கையோடு அதை ஏழால் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லை. வந்த விடையைப் பதினொன்றால் வகுத்தேன், அதிலும் இல்லை. அதைப் பதிமூன்றால் வகுத்தபோது 346 வந்து நின்றது. மூன்று இலக்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால் அது ஆயிரத்தொரு மடங்கு. ஏழையும் பதினொன்றையும் பதிமூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன். கணக்கு டீச்சராவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூர் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அரியலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தப் புத்தகத்தைக் கேட்டார். கேசரி தின்ற கையைத் துடைக்காமலே வாங்கினார். பிறந்த தேதியைத் தேடிய விரல் பதிவெண்ணில் போய் நின்றது. நெய்க்கறை பதிய ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக் கூட்டினார்.

"இருவத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு. சனியோட நம்பருங்க, எங்க வூட்டுக்கு ஒத்து வராது."

சொல்லிவிட்டு இன்னொரு தட்டு கேசரி வாங்கித் தின்றார்.

அவர்கள் போனதும் அப்பாவிடம் கத்தினேன். கூட்டிக் கூட்டிக் கடைசியில் நிற்பது ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி, அதில் சனி எங்கே வந்தான்? ஒன்பது பேரில் ஒருத்திக்கு எட்டுதான் வரும், அவர்களையெல்லாம் கிணற்றில் தள்ளிவிடுவீர்களா? அப்பா தலையாட்டிக்கொண்டே புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் வைத்தார். புரிந்துகொண்டார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் ஆசிரியர் பயிற்சிக்கு நேர்காணல். அப்பாவே டிரங்குப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அங்கே எழுத்தர் என் விண்ணப்பத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நம்பர்ல கை வச்சிருக்கே. இது செல்லாது, எடுத்துக்கிட்டுப் போ."

கடைசி ஆறின் தலையில் வேறு மையில் ஒரு சுழி. 346348. இப்போது கூட்டினால் இருபத்தெட்டு, பத்து, ஒன்று. எட்டை விரட்ட எட்டையே எழுதியிருந்தார் அப்பா.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டே வந்தேன். ஏழால் வகுத்தால் இரண்டு மீதி. பதினொன்றால் வகுத்தாலும் இரண்டு, பதிமூன்றால் வகுத்தாலும் இரண்டு. என் எண் செத்துப்போயிருந்தது.

புத்தகத்தை அப்பா முன்னால் வீசினேன். அவர் வெட்கப்படுவார், குறைந்தபட்சம் தலையையாவது குனிவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்தார், புத்தகத்தை எடுக்க. தூசியைத் தட்டித் துண்டால் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"வேல போனாப் போவுதும்மா. தை பொறந்ததும் வேற எடம் வருது. நம்பர் இப்ப நல்லாருக்கு."

பெற்றவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்க அன்றைக்கு எனக்கு அருவருப்பாக இருந்தது.