வாத்து என்றால் வசவா?

ஆங்கிலத்துக்குள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பல ஆங்கிலங்கள் இருக்கின்றன என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னை வாத்து என்று கூப்பிட்ட மத்தியானத்தில்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பெங்களூரில் எந்தத் தெருவில் நின்றாலும் கால் சென்டருக்கு ஆள் ஏற்றிப்போகும் சுமோ ஒன்று ஹாரன் அடிக்கும். விவேக் நகரில் அப்படி ஹாரன் அடித்தது எனக்காக. இங்கிலாந்து வீடுகளில் வாஷிங் மெஷின் நின்றுபோனால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் அங்கேயே ஒரு மெக்கானிக்கை அனுப்பிவைப்போம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வாரக் கடைசியில் டீம் லீடர் சரி என்றால் தொடரலாம். இல்லையென்றால் அப்பா பேசிவைத்திருந்த பி.எட். கல்லூரி. முப்பது பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைக்கும் பொறுமை எனக்கு இருக்கிறது என்று அப்பா மட்டும்தான் நம்பினார்.

கான்வென்டில் படித்தவள், ஆங்கிலப் பேச்சுப் போட்டி எதையும் விட்டதில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. பயிற்சியில் அதைக் கொஞ்சம் தட்டினார்கள். "ர-வை உருட்டாதே, விழுங்கு" என்று பயிற்சியாளர் சொல்லிச் சொல்லி, என் வாயிலிருந்த அத்தனை ரகரத்தையும் பிடுங்கிவிட்டார். காரை 'கா' என்றும் வாட்டரை 'வாட்ட' என்றும் சொல்லிப் பழகி, வீட்டில் மோர் கேட்டால்கூட அம்மா என்ன கேட்டாய் என்று திரும்பிப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன். இனி இங்கிலாந்தே என் கையில் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஏதோ ஒரு ஊர். "ஹலோ, மி டக்" என்றுதான் ஆரம்பித்தார். காதில் தவறாக விழுந்தது என்று விட்டுவிட்டேன். மெஷினின் அடியில் தண்ணீர் ஒழுகுகிறதாம், டக். சமையலறையெல்லாம் குளமாம், டக். ஆள் என்றைக்கு வருவான், டக்?

என் வீட்டில் கணக்கில் கோட்டைவிட்ட நாளில் கிடைக்கும் பட்டம் 'வாத்து மடச்சி'. அதை ஏழு கடல் தாண்டி வந்து ஒருத்தர் சொல்கிறார் என்றால் ரத்தம் கொதிக்காதா? மைக்கை மூடிக்கொண்டு பக்கத்து சீட் தோழியிடம் கேட்டேன்.

"ஏய், என்னை வாத்துங்கறாங்கடி."

"கிரிக்கெட்ல டக்னா சைபர். எப்படிப் பாத்தாலும் திட்டுதான்" என்றாள் அவள், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அலுவலக விதி தெளிவாக இருந்தது: திட்டினால் எச்சரி, மறுபடி திட்டினால் இணைப்பைத் துண்டி. ரகரங்களையெல்லாம் பக்குவமாக விழுங்கியபடி, "மேடம், தகாத சொற்களைத் தொடர்ந்தால் இந்த அழைப்பைத் துண்டிக்க நேரிடும்" என்று மனப்பாடமாக ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். மறுமுனையிலிருந்து ரொம்ப அன்பாக, "வாட்ஸ் தட், டக்?"

துண்டித்துவிட்டேன்.

டீம் லீடர் பதிவைக் கேட்டுவிட்டு என் சீட்டுக்கு வந்தார். சிவாஜிநகரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் நாலு மொழியும் சேர்ந்து வரும்.

"ஏன்மா, சும்னே லைனைக் கட் பண்ட்டியே. அந்தம்மா கம்ப்ளைன்ட் குடுத்தா உனக்கும் பேஜார், எனக்கும் பேஜார்."

"வாத்துன்னாங்க சார்."

"கன்னடத்துல வாத்துன்னா திட்டே கிடையாது."

"அவங்க கன்னடத்துல சொல்லலையே சார்."

அவர் என் பக்கத்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். "போன் போடு. ஸாரி கேளு. அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதான் உன் ரிசல்ட்."

போட்டேன். டக் என்றதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டேன், ஸாரி என்றதுமே அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் ஊரில் எல்லோரும் டக்தானாம். பஸ் ஓட்டுகிறவர் டக், கறி வெட்டுகிறவர் டக், சர்ச் பாதிரியாரும் டக். கண்ணு, ராசா என்பதுபோல. நாற்பது மைல் தள்ளிப் போனால் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்களாம். அங்கே வேறு ஏதோவாம். "உங்க ஊர்ல தெரியாதவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். எங்கள் ஊர் ஆட்டோக்காரர்களை நினைத்துக்கொண்டு, "குரு" என்றேன்.

"அப்ப சரி, குரு. ஆளை அனுப்பிவை."

டீம் லீடர் குறுக்கே புகுந்து, இந்தப் பெண்ணின் சேவை எப்படி என்று கேட்டார். "ஷீஸ் நாட் பேட், இஸ் ஷீ?" என்று சொல்லிவிட்டு அம்மாள் வைத்துவிட்டார்.

டீம் லீடர் முகம் சுருங்கியது. "நாட் பேட்னா மோசமில்ல, அவ்ளோதான். பார்டர் மார்க். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

பி.எட். கல்லூரியின் மணி என் காதில் அடித்தது. வாய் சும்மா இருக்குமா?

"சார், வீட்ல பிரியாணி பிரமாதமா இருந்தா என்ன சொல்வீங்க?"

அவர் யோசித்தார். "பரவால்லன்னு சொல்வேன்."

"உங்க வீட்டம்மா அதுக்கு என்ன சொல்வாங்க?"

"இன்னொரு கரண்டி வைப்பாங்க." சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. சிரிப்பை மறைக்க ஹெட்செட்டைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"சரி, வேலைல இரு. ஆனா இந்த வாயோட இங்கிலாந்து லைன்ல வேணாம். திங்கக்கிழமைல இருந்து ஸ்காட்லாந்து."

போன மாதம் முழுக்க ஸ்காட்லாந்து லைனில் இருந்து வந்தவள் என் தோழி. அவள் முதல்முறையாகக் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அங்க வாத்து இல்லடி. பொண்ணுங்கன்னா 'ஹென்'. கோழி. அப்புறம் இன்னொண்ணு. அவங்க ர-வை நம்மளவிட நல்லா உருட்டுவாங்க. நீ விழுங்கினா என்னன்னே கேப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டே, தொலைத்த ரகரத்தைத் தேட ஆரம்பித்தேன். கார்ர்ர். வாட்டர்ர்ர். எதிரே வந்த நாய் நின்று பார்த்தது. திங்கட்கிழமை முதல் அழைப்பை முழு ரகரத்தோடு எடுப்பது, கோழி என்று கூப்பிட்டால் இணைப்பைத் துண்டிக்காமல், பதிலுக்கு அவர்களைக் குரு என்று கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதுவும் ர-வை நன்றாக உருட்டி.