அம்மாவின் சுட்டுவிரலும் ஒரு பூனையின் முன்னங்காலும்

கல்லூரியில் பிளாஸ்டிக் பொம்மையை வைத்து உடம்பைப் பற்றிப் படிக்கிறோம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு பொம்மையும் இருந்தது. தலையில்லாமல் வகுப்பறை மூலையில் நிற்கும். வயிற்றைத் திறந்து ஈரலையும் குடலையும் கழற்றி மாட்டலாம். ஆனால் தசைகளை நாங்கள் படித்தது அதில் இல்லை. தகரம் அடித்த நீள மேசைகளில் கிடத்திய பூனைகளில்தான் படித்தோம்.

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் எடுத்தும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பதுளையில் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தேன். விடுதியில் தங்கிப் படித்து, சனிக்கிழமைகளில் பசறைப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் ஏறுவேன். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் எப்போதும் ஒரு பூனை படுத்திருக்கும். சோற்றில் முதல் பிடி அதற்குத்தான் என்பது அம்மாவின் வழக்கம். பூனைக்குத் தீங்கு செய்த வீடு விளங்காது என்று நம்புகிறவரிடம் நான் என்னவென்று சொல்வது?

முதல் நாள் வகுப்பில் மருந்து நெடி கண்ணில் எரிந்தது. எனக்கு ஜோடியாக வெலிமடைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி அமைந்தாள். அவள் தகப்பன் லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏற்றி விற்பவர். நான் சிங்களத்தில் தடுமாற, அவள் தமிழில் தடுமாற, இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் தடுமாறினோம். எங்கள் மேசைக்கு வந்த பூனை சாம்பல் நிறம். மிருக வைத்தியரிடம் கொண்டுவந்து பிழைக்காமல் போனவை இவை, யாரும் இதற்காகக் கொல்லவில்லை என்று பாடம் நடத்தும் மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டும் என் கை முன்னே போகவில்லை. தோலை உரிக்கத் தொடங்கியது அவள்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் கண்டிப்பானவர். மேலே, கீழே என்ற சொற்களை அந்த அறைக்குள் யாரும் பேசக்கூடாது. மேசையைத் திருப்பினால் மேல் கீழாகிவிடும், உடம்பு அப்படி மாறாது என்பார். தலைப்பக்கம், வால்பக்கம், முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம். காலில் உடம்புக்கு அருகே இருப்பது ப்ராக்சிமல், உடம்பை விட்டு விலகியிருப்பது டிஸ்டல். இடது என்றால் பூனையின் இடது, உன் இடது அல்ல. யாராவது தவறிச் சொன்னால் வகுப்பே நின்றுவிடும். திருத்திச் சொல்லும் வரை யாரும் கத்தியைத் தொட முடியாது.

தசைக்கும் தசைக்கும் நடுவே வெங்காயத் தோல் போல ஒரு சவ்வு இருக்கும். அதை வெட்டக்கூடாது, விரலால் விலக்க வேண்டும். அப்படி விலக்கியபோதுதான் ஒரே சதையாகத் தெரிந்தது தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து வந்தது. மனிதனுக்கு ஒன்றாக இருக்கும் ட்ரபீசியஸ் பூனையின் முதுகில் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் அது தொடங்கும் எலும்பு, போய்ச் சேரும் எலும்பு, அது செய்யும் வேலை மூன்றையும் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் சொன்னால் புள்ளி கிடையாது.

முன்னங்காலுக்கு வந்த வாரம் மேடம் எங்கள் மேசைக்கு வந்தார். பாதத்தின் முதுகுப்பக்கம் ஓடிய வெள்ளை நூல்களில் ஒன்றைச் சிறு இடுக்கியால் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். செத்துப்போன அந்தப் பூனையின் விரல் மெல்ல நிமிர்ந்தது. நான் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. நீட்டுகிற தசை முழங்கைப் பக்கம் இருக்கிறது, விரல்வரை வருவது அதன் நாண் மட்டும்தான், உயிருள்ள உடம்பில் இந்த நாண் அறுந்தால் ரப்பர் போலச் சுருங்கி உள்ளே போய்விடும், காயத்துக்குள் தேடினாலும் கண்ணில் படாமல் போகலாம் என்றார். காயத்தைப் பார்க்காதே, விரல் வேலை செய்கிறதா என்று பார், என்றார். அன்று அது எனக்குப் பரீட்சைக்கு வரக்கூடிய ஒரு விஷயம், அவ்வளவுதான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஐப்பசி மழை. பஸ் என்னை இறக்கிவிட்டுப் போன இடத்திலிருந்து நனைந்துகொண்டே லயத்துக்கு ஏறி வந்தேன். அம்மா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். ஈரமான சவுக்கு விறகு. என்னைப் பார்த்து, தேத்தண்ணி போட்டு வச்சிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே கத்தியை ஓங்கினார். கட்டை வழுக்கியது. இடது கையின் புறங்கையில் கத்தி விழுந்தது.

அம்மா கத்தவில்லை. முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றார். துணி சிவந்துகொண்டே வந்தது. நான் அவர் கையை உயர்த்திப் பிடித்து அழுத்திக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடத்திக் கூட்டிப் போனேன். டாக்டரையா என்று தோட்டமே கூப்பிடும் வைத்திய உதவியாளர் அங்கே இருந்தார். எனக்குக் குழந்தையில் தடுப்பூசி போட்டவர் அவர்தான் என்று அம்மா சொல்வார். தேயிலை மலையில் நடக்கும் வெட்டுக்காயம் எல்லாம் அவர் கையில்தான் ஆறியது.

காயத்தைக் கழுவினார். சுட்டுவிரலுக்கு நேரே, புறங்கையின் நடுவில், ஒரு கட்டைவிரல் நகம் அகலத்துக்கு நேர்க்கோடாக ஒரு வெட்டு. ரத்தமும் நின்றுகொண்டிருந்தது. சின்னக் காயம்தான், ரெண்டு தையலில் முடிந்துவிடும் என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது. டாக்டரையா மரத்துப்போகச் செய்யும் ஊசியை எடுத்தார்.

எனக்கு அந்த வெட்டு இருந்த இடம் பிடிக்கவில்லை. அம்மாவின் கையை மேசையில் குப்புற வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னேன். சுண்டுவிரல் வந்தது. மோதிரவிரல் வந்தது. நடுவிரல் வந்தது. சுட்டுவிரல் மேசையை விட்டு அசையவில்லை. நானே அதைத் தூக்கிப் பிடித்து விட்டேன். தொப்பென்று விழுந்தது.

“ஐயா, தைக்காதீங்க,” என்றேன்.

அவர் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“வெரல நிமித்துற நாண் அறுந்திருக்குங்க. பதுளைக்கு அனுப்புங்க.”

“வலிக்குதுல்ல, அதான் தூக்கல. நரம்பு ஒண்ணும் அறுந்து போகல. நான் உள்ளே பாத்துட்டேன்.”

“அறுந்தா அது உள்ளே இழுத்துக்குங்க. கண்ணுக்குத் தெரியாது.”

சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று எனக்குக் கேட்டது. வாசலில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என் கையை மறு கையால் பிடித்து இழுத்தார். ஐயாவிடம் அப்படிப் பேசாதே என்பது அந்த இழுப்பில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும், ஐயா தைத்து விடட்டும் என்று அம்மா அவரையே பார்த்துச் சொன்னார்.

நான் படித்தது ஒரு பூனையின் காலில். அதுவும் இன்னும் பரீட்சைகூட எழுதவில்லை. மழையில் பாதையில் மண் சரிந்துகொண்டிருந்தது. நான் சொல்வது பிழையாக இருந்தால் அம்மாவை வீணாக அந்தப் பாதையில் இழுத்துப்போனவள் ஆவேன். சரியாக இருந்து இவர் தைத்துவிட்டால், தோல் மூடிவிடும். மேலே காயம் ஆறிவிடும். விரல் தூக்காதது வலியால்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிறகு யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

“ஐயா, நீங்களே ஒருக்கா அம்மாவ தூக்கச் சொல்லிப் பாருங்க. வலி இருந்தாலும் கொஞ்சமாவது அசையணும்ல?”

அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். தூக்கச் சொன்னார். அம்மாவின் முகம் கோணியது, முழங்கைக்குக் கீழே சதை இறுகுவது எனக்குத் தெரிந்தது. விரல் அசையவில்லை. அவர் இன்னொரு முறை சொன்னார். இந்த முறை அம்மாவே தன் விரலை உற்றுப் பார்த்தார். அது தன் பேச்சைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலும். கண் கலங்கிவிட்டது.

டாக்டரையா காயத்தைத் தைக்காமலே கட்டுப் போட்டார். ஒரு சிறு பலகைத் துண்டு வைத்து விரலை நிமிர்த்திக் கட்டினார். பதுளைக்குக் குறிப்பு எழுதித் தந்தார். “ஒண்ணும் இல்லேன்னு சொன்னா சந்தோசம். இப்பவே கெளம்புங்க, பாதை மூடிறப் போகுது,” என்றார்.

பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் ஆட்டோ வைத்திருந்தார். ஏறிக்கொண்டோம். மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் பாதையில் ஓடியது. ஒரு வளைவில் கல்லும் மண்ணும் விழுந்து பாதி வழியை அடைத்திருந்தது. அண்ணன் இறங்கிப் போய்ப் பார்த்தார், நின்றார், மேலே மலையைப் பார்த்தார். திரும்பி வந்து, பேசாமல் உக்காருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் உருள ஓட்டிப்போனார். அம்மாவின் கட்டுப்போட்ட கையை நான் என் மடியில் வைத்திருந்தேன்.

அந்த இடத்தைத் தாண்டிய பிறகு அம்மா கேட்டார்.

“டாக்டரையாவுக்கே தெரியாதது ஒனக்கு எப்படித் தெரியும்?”

பொம்மை என்று சொல்லியிருக்கலாம். பொம்மையின் விரல் இழுத்தால் நிமிராது. வாயில் வேறெதுவும் வரவில்லை.

“பூனைய அறுத்துப் பாத்தேம்மா. காலேஜ்ல.”

அம்மா என் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். பதுளை டவுன் விளக்குகள் தெரியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. விரலை நினைத்துப் பயந்ததைவிட அந்த மௌனத்துக்கு அதிகம் பயந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் குறிப்பைப் படித்தார். அவரும் அம்மாவின் கையை மேசையில் குப்புற வைத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். சுட்டுவிரல் கிடந்தபடியே கிடந்தது. அறுந்திருக்கிறது, சுட்டுவிரலை நிமிர்த்தும் இரண்டு நாணுமே போயிருக்கும் போலத் தெரிகிறது, நாளை காலையில் திறந்து தைப்போம், நேரத்தோடு வந்தது நல்லது என்று சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா தள்ளுவண்டியை நிறுத்தச் சொன்னார். என்னைக் குனியச் சொல்லி, காதோரம் கேட்டார்.

“அந்தப் பூனைய நீங்களா கொன்னீங்க?”

“இல்லம்மா. செத்துப்போனதுதான் வந்துச்சு.”

“முடிஞ்சதும் பொதைப்பீங்களா, குப்பையில போடுவீங்களா?”

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டு வா என்றார். தள்ளுவண்டி உள்ளே போய்விட்டது.

திங்கட்கிழமை மேடத்திடம் கேட்டேன். அவர் வியப்போடு பார்த்துவிட்டு, கல்லூரிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைப்பதாகச் சொன்னார். தவணை முடிவில் என் ஜோடிப் பெண்ணும் நானும் அந்தக் குழிவரை போனோம். அவள் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

அம்மாவின் கை ஆறு வாரம், விரலை நிமிர்த்திப் பிடிக்கும் சிம்பில் இருந்தது. சிம்பை எடுத்த அன்று விரல் விறைத்துப்போய் மடங்கவே மறுத்தது. கிளினிக்கில் காட்டிக்கொடுத்த பயிற்சிகளை வார இறுதிகளில் நான் செய்வித்தேன். வலிக்கும்போது என்னைத் திட்டுவார், நிறுத்தினால் அதற்கும் திட்டுவார். விரல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது, ஆனால் முழுதாக அல்ல. அது எப்போதும் லேசாகக் குனிந்தே இருக்கும். டாக்டரையா ஒருநாள் லயத்துக்கே வந்து விரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். தலையாட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்து அம்மா மறுபடி மலைக்குப் போனார். அன்று மாலை நான் வீட்டில்தான் இருந்தேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கால் கழுவினார். கை எப்படி இருந்தது என்று கேட்டேன். இடது கையை நீட்டி, சுட்டுவிரலை ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டினார்.

“இதுல பறிச்சுப் பாத்தேன். வருது. பழகணும்,” என்றார்.

பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.